பதினொரு விநாடிப் பறப்பு: அல்போன்ஸ் பெனோவின் வாழ்க்கை

மாந்தர் வரலாற்றிலே பெரியோர் இருவகையினர் உளர். தாம் தொடங்கிய கருமத்தைத் தாமே முடித்து, அதன் பயனையும் கண்ணாரக் கண்டு மறைந்தோர் ஒரு வகையினர். விதையை ஊன்றிவிட்டு முளை தோன்றுமுன்னரே மறைந்துபோனோர் மற்றொரு வகையினர். முன்னவர்க்குச் சிலைகள் எழுகின்றன. பள்ளிப் பாடநூல்களில் இடம் கிடைக்கின்றது. பின்னவர் பெயரை அத்துறையில் ஆழ்ந்து ஈடுபட்டோர் மட்டுமே நன்றியுடன் நினைக்கின்றனர். மாதிரி விமானம் செய்யும் கலையில் ஈடுபட்டோர் உலகெங்கும் அவ்வாறு நினைத்துப் போற்றும் பிரெஞ்சு இளைஞர் அல்போன்ஸ் பெனோ. முப்பது ஆண்டுகளே இவ்வுலகில் வாழ்ந்த அவருடைய வரலாற்றை நம் மாணவர்க்கும் ஆசிரியர்க்கும் எடுத்துரைப்பது என் நெடுநாளைய விருப்பம்.

அதற்குக் காரணமும் உண்டு. நான் கல்முனைக் கரையிலே ஆசிரியத் தொழில் புரிபவன். ஓய்வு வேளைகளில் மாணவர் சிலருடன் அமர்ந்து, பயணிகள் விமானங்களின் மாதிரிகளை அளவு பிசகாமற் செய்வது என் பொழுதுபோக்கு. 1947 ஆம் ஆண்டு டிசம்பர் 10 ஆம் நாள் எயர் சிலோன் நிறுவனத்தின் முதற் பயணத்தைத் தொடங்கிவைத்த டக்கோட்டா விமானமே நாங்கள் முதலிற் செய்தது. அதன் இறக்கைகள் முனையிலிருந்து முனைவரை 95 அடி. எழுபத்திரண்டில் ஒரு பங்காகச் சுருக்கினால் ஏறத்தாழ 40 சென்ரிமீற்றர். அதாவது உண்மை விமானத்தில் ஆறடி, மாதிரியில் ஓர் அங்குலம். பெரிய விமானங்களுக்கு நூற்று நாற்பத்து நான்கில் ஒரு பங்கு என்னும் அளவையே மாதிரி செய்வோர் பெரிதும் கைக்கொள்வர். அதிலே பன்னிரண்டடி ஓர் அங்குலமாகும். இவ்வாறு கணக்குப் பார்த்து, அட்டை வெட்டி, பசை பூசி, உரைதாள் கொண்டு தேய்த்துக்கொண்டிருக்கும் பிள்ளைகளைக் கண்டு, பரீட்சைக்குப் படிக்கவேண்டிய வயதிற் பொம்மை செய்கின்றார்களே என்று கவலைப்படும் பெற்றோர் பலர். அக்கவலை இயற்கையானதே. ஆயினும் பொம்மை என்ற சொல்லை அவ்வளவு இலேசாக எடுத்தெறிந்துவிடலாமா என்ற வினாவுக்குப் பெனோவின் வாழ்க்கையே விடை சொல்லும்.

கடலேற இயலாத மைந்தர்

பெனோ 1850 ஆம் ஆண்டு மே மாதம் 31 ஆம் நாள் பாரிஸ் நகரிலே பிறந்தார். தந்தையார் பிரெஞ்சுக் கடற்படையில் உயர்பதவி வகித்த தளபதி. அக்குலத்திலே பிறந்த ஆண்மகன் தானும் கப்பலேறுவது என்பது எழுதாத சட்டம். பெனோவின் விருப்பமும் அதுவேயாயிருந்தது. ஆனால் இளமையிலேயே இடுப்பு மூட்டிற் பற்றிய நோய் அவ்வழியை அடைத்துவிட்டது. ஊன்றுகோல் இன்றி நடத்தல் அரிதாயிற்று. ஆடும் கப்பற் றளத்திலே நிலைகொள்ள இயலாதவருக்குக் கடற்படையில் இடம் ஏது?

நம் கரையோர ஊர்களில் வாழ்வோர்க்கு இத்துயரின் ஆழம் எளிதிற் புலனாகும். கடலை நம்பிய குடும்பத்திலே, தோணியிற் கால்வைக்க இயலாத மைந்தன் நாள்தோறும் கரையில் நின்று மற்றையோர் புறப்படுவதைப் பார்த்திருப்பது எத்துணைத் துன்பம்! பெனோ அவ்வாறு பார்த்திருந்து வாடவில்லை. கடலை விடுத்து வானத்தை நோக்கினார். காலின் துணை வேண்டாத பெருவெளி அது. பறத்தலைப் பற்றிய நூல்களைத் தேடிக் கற்றார். பறவைகளின் இறக்கை அமைப்பை ஆராய்ந்தார். தம் மேசையின் மேல் சிறு மாதிரிகளைச் செய்யத் தொடங்கினார்.

இறப்பர் நாடாவின் ஆற்றல்

பெனோவுக்கு முன்னரும் மாதிரி செய்தோர் இருந்தனர். 1784 இல் லோனுவா, பியன்வெனு என்னும் பிரெஞ்சுக்காரர் இருவர், பறவைச் சிறகுகளை விசிறியாக அமைத்து, வில்லின் விசையினாற் சுழலச்செய்து மேலே எழுப்பினர். இங்கிலாந்தின் சேர் ஜோர்ஜ் கெய்லி 1804 ஆம் ஆண்டில், ஒரு கோலின்மேற் சாதாரணப் பட்டம் ஒன்றை இறக்கையாகக் கட்டி, பின்புறம் வாலமைத்து, மலைச்சரிவிலே மிதக்கவிட்டார். நம் கடற்கரை மணலிலே சிறுவர் விடுகின்ற அதே பட்டந்தான் விமான இறக்கையின் முன்னோடி என்பது எண்ணி மகிழத்தக்கதன்றோ!

எனினும் மாதிரிகளை நெடுநேரம் பறக்கச் செய்யத் தக்க விசை அன்று எவரிடமும் இல்லை. கடிகாரச் சுருள்வில் பாரமானது. நீராவிப் பொறி அதனினும் பாரமானது. வில்லின் விசையோ ஒரு நொடியிலே தீர்ந்துபோவது. பெனோ இறப்பரை நினைத்தார். இறப்பர் நாடாக்களைச் சேர்த்து முறுக்கி, அம்முறுக்கு அவிழும்போது எழும் விசையினால் விசிறியைச் சுழற்றினார். மருதமுனைத் தறிகளிடையே வளர்ந்த பிள்ளைக்கு இதனை விளக்க வேண்டியதில்லை. அளவுக்குமேல் முறுக்கேறிய நூல், கை விட்டதும் எவ்வளவு வேகமாகத் தன்னைத்தானே அவிழ்த்துக்கொள்ளும் என்பதை அப்பிள்ளை அறியும். இறப்பரோ முறுக்கைத் தாங்குவதோடு நீளவும் வல்லது; பாரமும் இல்லை; விலையும் மலிவு. 1870 ஆம் ஆண்டிலே இம்முறையால் இயங்கும் சிறு ஹெலிகொப்ரர் ஒன்றைப் பெனோ செய்து மேலெழச் செய்தார். அப்போது அவருக்கு இருபது வயது.

இற்றைநாள்வரை, பள்ளி மாணவர் முறுக்கிவிடும் மெல்லிய மர விமானங்கள் யாவும் அந்த இறப்பர் நாடாவின் வழித்தோன்றல்களே.

எரிந்த மாளிகையின் அருகே

அவ்வாண்டிலேயே பிரான்சுக்கும் பிரஷ்யாவுக்கும் போர் மூண்டது. 1870 செப்டெம்பரில் பாரிஸ் நகரைப் பகைவர் வளைத்துக்கொண்டனர். பசியும் குளிரும் மக்களை வாட்டின. முற்றுகையைத் தாண்டிச் செய்தி அனுப்பத் தரைவழி இன்மையால், அறுபதுக்கும் மேற்பட்ட வாயுக்கூண்டுகள் கடிதங்களைச் சுமந்து நகரினின்றும் வானேறின. ஆனால் அக்கூண்டுகள் காற்று இழுத்த இழுப்பிற் சென்றனவேயன்றி, நினைத்த திசையிற் செல்லவில்லை. போர் முடிந்ததும் உள்நாட்டுக் கலகம் வெடித்தது. 1871 மே மாதத்தில், மன்னர்கள் வாழ்ந்த துய்லெறி மாளிகை தீக்கிரையாயிற்று.

அம்மாளிகை எரிந்து மூன்று மாதம் நிறையுமுன், ஆகஸ்ட் 18 ஆம் நாள், அதன் அருகிலிருந்த பூங்காவிலே வானியக்க ஆர்வலர் சங்கத்தார் சிலர் கூடினர். கரிபடிந்த சுவர்கள் ஒருபுறம் நிற்க, இருபத்தொரு வயதுப் பெனோ தம் மாதிரியைக் கையில் எடுத்தார். அதன் நீளம் ஏறத்தாழ 50 சென்ரிமீற்றர். இறக்கையின் அகலம் 46 சென்ரிமீற்றர். நிறை 16 கிராம். விசிறி பின்புறத்தில் அமைந்திருந்தது. இறப்பரை முறுக்கி விட்டார். மாதிரி தானாகவே நிலைகுலையாது பறந்தது. பதினொரு விநாடி; ஏறத்தாழ 40 மீற்றர்.

இவ்வளவுதானா என்று கேட்கத் தோன்றும். முப்பத்திரண்டு ஆண்டுகளின் பின், 1903 டிசம்பர் 17 ஆம் நாள், அமெரிக்காவிலே ரைற் சகோதரர் மனிதனைச் சுமந்த விமானத்தை முதன்முறை பறக்கச் செய்தபோது, அம்முதற் பறப்பு நீடித்தது பன்னிரண்டு விநாடி. சென்ற தூரம் 120 அடி, அதாவது முப்பத்தேழு மீற்றருக்கும் சற்றுக் குறைவு. பெனோவின் பொம்மை கடந்த தூரத்தை அது எட்டவில்லை. அளவிற் பெரியதுதான் அருமையானது என்று கருதுவோர் இவ்விரு கணக்குகளையும் அருகருகே வைத்துப் பார்ப்பாராக.

வாலின் நுட்பம்

பெனோவின் பெருமை இறப்பரோடு முடிந்துவிடவில்லை. பறக்கும் பொருள் ஒருவர் கையின் துணையின்றித் தானே சமநிலை பேணுவது எப்படி என்பதை அவர் கண்டு, கணக்காலும் செயலாலும் நிறுவினார்.

ஒன்பதாம் நூற்றாண்டிலே குர்துபா நகரில் வாழ்ந்த அப்பாஸ் இப்னு பிர்னாஸ் என்னும் அறிஞரை நம் ஊர்ப் பிள்ளைகள் நன்கறிவர். அவர் இறகுகளைப் பூண்டு வானிற் பாய்ந்து, இறங்கும்போது காயமுற்றார் என்றும், பறவைகள் வாலின் துணைகொண்டே தரையிறங்குகின்றன என்பதை எண்ணாது வாலமைக்காது விட்டமையே அதற்குக் காரணம் என்றும், பதினேழாம் நூற்றாண்டு வரலாற்றாசிரியர் அல்-மக்கரீ எழுதிவைத்துள்ளார். ஆயிரம் ஆண்டுகட்கு முன் அந்தலூசிய வானிற் பிறந்த அந்தக் குறைக்குப் பாரிஸ் பூங்காவிலே பறந்த 16 கிராம் மாதிரியிற் சீரான விடை கிடைத்தது எனலாம்.

அந்நுட்பம் இதுதான். இறக்கை, காற்றை எதிர்கொள்ளுமாறு முன்விளிம்பு சற்று உயர்ந்திருக்கும். பின்னாலுள்ள சிறிய வாற்றகட்டையோ பெனோ மாறாக அமைத்தார். அதன் முன்விளிம்பு சற்றுத் தாழ்ந்திருந்தது. ஆகவே காற்று அதனைக் கீழ்நோக்கி அழுத்தும். விமானத்தின் மூக்குத் தாழ்ந்தால் வேகம் மிகும். வேகம் மிகுந்தால் வாலின்மேல் அழுத்தம் கூடும். வால் தாழ மூக்கு நிமிரும். மூக்கு அளவுக்குமேல் நிமிர்ந்தாலோ வேகம் குறையும். வாலின் அழுத்தமும் தளரும். மூக்குத் தானே இறங்கும். தராசு முள் இருபுறமும் ஆடி நடுவில் நிற்பது போல் விமானம் தன்னிலை அடைகின்றது. பக்கவாட்டுச் சரிவைத் தடுக்க இறக்கைகளின் முனைகளைப் பெனோ மேல்நோக்கி வளைத்தார். கெய்லி இவ்வுண்மையை முன்னரே உணர்ந்திருந்தார். எனினும் பெனோ அதனைத் தாமே கண்டு, எவரும் திரும்பச் செய்து பார்க்கத்தக்க எளிய கருவியிலே அமைத்துக் காட்டினார். ஆதலின் அவ்வமைப்புக்குப் பெனோ வால் என்றே பெயர் நிலைத்தது.

என் மாணவர் தம் முதன் மாதிரியை வகுப்பறை வாயிலிலிருந்து விடும்போது அது மூக்குக் குத்தி விழும். வாலின் பின்விளிம்பை ஒரு மயிரிழை உயர்த்தி மறுபடியும் விடும்போது அது மெல்ல நிமிர்ந்து முற்றத்தைக் கடக்கும். அக்கணத்தில் அப்பிள்ளைகளின் முகத்தில் எழும் ஒளியை எந்தப் பாடநூலும் தரமாட்டாது.

1876

பெனோவின் எண்ணம் விளையாட்டுப் பொருளோடு அமையவில்லை. இறக்கையடித்துப் பறக்கும் இயந்திரப் பறவை ஒன்றையும் மாதிரியாகச் செய்தபின், மனிதரைச் சுமக்கும் விமானத்தை வரையத் துணிந்தார். போல் கோஷோ என்னும் இயந்திர வினைஞரின் துணையோடு, 1876 பெப்ரவரியில் அதற்கு உரிமைப்பத்திரம் பெற்றார்.

அவ்வரைபடத்தைக் காணும்போது அது எந்த நூற்றாண்டுக்குரியது என்னும் ஐயம் எழும். இருவர் அமரத்தக்க ஒற்றை இறக்கை விமானம். நிலத்திலும் நீரிலும் இறங்க வல்லது. முன்புறத்திலே எதிரெதிராகச் சுழலும் இரு விசிறிகள். விமானியைக் காக்கக் கண்ணாடி மூடி. வாலின் ஏற்றத் தாழ்வையும் இடவலத் திருப்பத்தையும் ஒரே கைப்பிடியால் ஆளும் ஏற்பாடு. பறக்கும்போது உள்ளே மடங்கும் சக்கரங்கள். இறங்கும் அதிர்வைத் தாங்கக் காற்றடைத்த தாங்கிகள். நிறை ஏறத்தாழ 1,200 கிலோகிராம். வேகம் மணிக்கு 60 மைல் என்று அவர் கணித்தார். இவற்றுட் பல அன்று பறக்கும் பொருள் எதிலும் இருந்ததில்லை. இன்று பயணிகள் விமானத்தில் ஏறும் ஒருவர், தரையைவிட்டு எழுந்ததும் காலடியிலே சக்கரங்கள் மடங்கும் ஓசையைக் கேட்பாராயின், அது பெனோ தாளிலே வரைந்துவைத்ததன் எதிரொலி என்று கொள்ளலாம்.

ஆனால் ஒன்று குறைந்தது, அதுவே உயிர்நிலை. இவ்வளவு பாரத்தைத் தூக்கவல்ல இலேசான பொறி உலகில் இல்லை. இவ்விடத்திலே மாதிரி செய்வோர் யாவரும் அறிந்திருக்க வேண்டிய ஓர் உண்மை உண்டு. மாதிரியின் நீளத்தை இருமடங்காக்கினால் இறக்கையின் பரப்பு நான்கு மடங்காகும். நிறையோ எட்டு மடங்காகிவிடும். ஆகவே பறக்கும் பொம்மையைப் பெருக்கிக்கொண்டே போனால் அது பறக்கும் விமானமாகிவிடாது. பாரம் இறக்கையை முந்திவிடும், இறப்பர் தோற்றுவிடும். நீராவிப் பொறியின் பாரமோ சொல்லவேண்டியதில்லை. அதே 1876 ஆம் ஆண்டிலே ஜேர்மனியில் நிக்கோலஸ் ஓட்டோ நாலடிப்பு எரிபொறியை அமைத்தார். பிற்காலத்தில் விமானத்தைத் தூக்கியது அவ்வகைப் பொறியே. ஆயினும் அது வானேறுமளவு இலேசாவதற்கு மேலும் கால்நூற்றாண்டு வேண்டியிருந்தது.

அதே 1876 இல் இன்னொன்றும் நிகழ்ந்தது. அமேசன் காட்டு விதைகளிலிருந்து இலண்டன் கியூ பூங்காவில் முளைத்த இறப்பர்க் கன்றுகள் நம் இலங்கைக்கு வந்து, கம்பஹாவுக்கு அருகிலுள்ள ஹெனரத்கொடைப் பூங்காவிலே நடப்பட்டன. பெனோவின் மாதிரியை இயக்கிய பொருள் நம் மண்ணில் வேரூன்றிய ஆண்டும், அவர் தம் பெருங்கனவைத் தாளில் வரைந்த ஆண்டும் ஒன்றே என்பதை நினைக்குந்தோறும் எனக்கு வியப்பே மேலிடுகின்றது.

இளமையில் அவிந்த விளக்கு

வரைபடம் கையிலிருந்தது, பொருளுதவி செய்வார் இல்லை. பெனோ பலரை நாடினார். அறிஞருட் சிலர் அவர் திறமையைப் பாராட்டினர். வேறு சிலர் பொம்மை செய்பவரின் பகற்கனவென்று ஒதுக்கினர். நோயோ வளர்ந்துகொண்டே வந்தது. 1852 இல் நீராவியால் இயங்கும் வான்கப்பலிற் பறந்து புகழ்பெற்ற ஹென்றி ஜிபார், தம் பிற கண்டுபிடிப்புகளாற் பெருஞ்செல்வர் ஆனவர். அவரிடமும் பெனோ உதவி வேண்டினார் என்றும், அது கிட்டாதுபோகவே தம் வரைபடங்களைச் சிறியதொரு சவப்பெட்டியில் இட்டு அவர் இல்லத்திற் கொண்டு சேர்ப்பித்தார் என்றும் சொல்வர். 1880 ஒக்ரோபரில் பெனோ தம் உயிரைத் தாமே போக்கிக்கொண்டார். வயது முப்பது.

அம்முடிவை எவரும் போற்ற இயலாது, நானும் போற்றவில்லை. உயிர் இறைவன் தந்த அமானிதம் என்பது நம் நெறி. எனினும் அவ்விளைஞரைக் குறைகூறி அமைந்துவிடுவதும் முறையன்று. திறமை மிக்க ஒருவன் நோயோடும் தனிமையோடும் போராடுகையிற் சுற்றியிருந்தோர் என்ன செய்தனர் என்ற வினாவும் உடன் எழவேண்டும். பெரும்பொருள் வேண்டியிருந்தது அவருடைய விமானத்துக்கு. அவருடைய உயிருக்கு அவ்வளவு வேண்டியிருந்திராது. அவர் சொல்வதைப் பொறுமையோடு செவிமடுக்கும் சிலர் போதியிருக்கலாம்.

தந்தை கொணர்ந்த பரிசு

நிற்க. பெனோ உயிரோடு இருந்தபோதே, அவர் அறியாவண்ணம், அவர் ஊன்றிய விதை கடல்கடந்து முளைவிட்டிருந்தது. 1878 ஆம் ஆண்டில் அமெரிக்கச் சமயகுரு ஒருவர் வெளியூர்ப் பயணம் முடிந்து வீடு திரும்புகையில், தம் மைந்தர் இருவர்க்கும் ஒரு விளையாட்டுப் பொருள் வாங்கிவந்தார். தக்கை, மூங்கில், தாள், இறப்பர் நாடா ஆகியவற்றால் ஆகிய சிறு ஹெலிகொப்ரர் அது; பெனோவின் அமைப்பைத் தழுவியது. மூத்தவன் வில்பருக்கு வயது பதினொன்று. இளையவன் ஓர்விலுக்கு ஏழு. பொம்மை உத்தரத்தை முட்டி, சற்றே படபடத்து வீழ்ந்தது. அது உடைந்துபோனதும் சிறுவர் தாமே அதுபோற் செய்தனர். பின் அதனிற் பெரியதாகச் செய்தனர். பெரியது பறக்க மறுத்தது. ஏன் மறுத்தது என்ற வினா அவர்தம் உள்ளத்திலே தங்கிற்று. மேலே நான் சொன்ன நான்கு மடங்கும் எட்டு மடங்குமாகிய கணக்கே அதன் விடை.

இருபத்தோராண்டு கழித்து, 1899 இல், வில்பர் ரைற் வாஷிங்ரனிலுள்ள ஸ்மித்சோனியன் நிறுவனத்துக்குப் பறத்தல் பற்றிய நூல்கள் வேண்டிக் கடிதம் எழுதினார். கெய்லியும் பெனோவும் காட்டிய முறையிலே சிறுவயதில் மாதிரிகள் செய்த நாள்முதலே தமக்கு இதில் ஆர்வம் உண்டு என்று அதில் நன்றியோடு குறித்திருந்தார். ரைற் சகோதரர் தம் விமானத்தில் ஏற்றத் தாழ்வை ஆளும் தகட்டை முன்புறத்தே வைத்தனர் என்பது உண்மையே. ஆயினும் சில ஆண்டுகளுள் உலகம் பெனோவின் பின்வாலுக்கே திரும்பிற்று. 1935 டிசம்பர் 17 இல், ரைற் சகோதரர் பறந்து சரியாக முப்பத்திரண்டு ஆண்டு நிறைந்த நாளில், முதன்முறை பறந்த டக்கோட்டாவின் வாலும் அவ்விடத்திலேயே இருக்கின்றது. இன்று நம் தலைக்குமேல் உயரத்திற் செல்லும் பெரும் பயணிகள் விமானங்களின் வாலும் அவ்விடத்திலேயே இருக்கின்றது.

ஆசிரியர்க்கும் பெற்றோர்க்கும்

பெனோவின் வாழ்விலிருந்து நான் பெற்றவை இரண்டு. முதலாவது, மாதிரி என்பது பெரியதன் போலி அன்று. பெரியது பிறக்குமுன் அதனைச் சிந்திக்கும் வழி. தகட்டை வெட்டுங்கை தவறினால் இறக்கை கோணும். கோணிய இறக்கை பறவாது. பரீட்சைத் தாளிலே பிழைக்கு ஒரு புள்ளி குறையும். மாதிரியிலே பிழை கண்முன் விழுந்து நொறுங்கும். அவ்வளவு நேர்மையான ஆசானை நான் வேறெங்கும் கண்டதில்லை.

இரண்டாவது, அறிவின் பயன் அதனைக் கண்டவர் வாழ்நாளிலேயே விளைய வேண்டும் என்பதில்லை. பெனோவின் கனவுக்குப் பொருள் தர இயன்ற செல்வர் தரவில்லை. அமெரிக்காவிலே எளிய தந்தை ஒருவர் சிறு காசு கொடுத்துப் பொம்மை வாங்கி, அறியாமலே அக்கனவை அடுத்த தலைமுறையிடம் சேர்ப்பித்தார். அந்தத் தந்தையின் பணி நம் ஒவ்வொருவர்க்கும் இயன்றதே. மருதமுனையிலோ சாய்ந்தமருதிலோ நிந்தவூரிலோ ஒரு பிள்ளை மூங்கிற் சீவலும் தாளும் பசையும் கேட்டு வந்து நின்றால், படிப்பு என்னாவது என்று கேட்பதற்கு முன், இறக்கை எத்தனை அங்குலம் என்று கேட்டுப் பாருங்கள். பிள்ளை கணக்குச் சொல்லத் தொடங்குவான்.